லவுகெ இல்லாமல் பிரெட்சல் இல்லை

என் பிரெட்சலுக்கு, ஜெர்மனியின் அந்த முறுக்கு ரொட்டிக்கு, ஒருவழியாக அந்த நிறம் வந்துவிட்டது. சிவப்பும் பழுப்பும் கலந்த மேல்தோல், விரலால் தடவினால் வழுக்குகிற பளபளப்பு, வயிறு என்று சொல்லும் பருத்த பகுதியில் கீறிய இடத்தில் மட்டும் வெள்ளை வெளேரென்று விரிந்த வாய். கைகள் என்று சொல்லும் மெல்லிய முறுக்குகள் இரண்டையும் பிடித்து ஒடித்தால் மொறுக்கென்று முறிகின்றன. வயிற்றுப் பகுதி அமுக்கினால் அமுங்கி எழுகிறது. ஷ்டுட்கார்ட்டில் தெருவுக்கொரு பேக்கரி இருக்கும்போது இதை எதற்கு வீட்டில் சுட வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. ஓவனிலிருந்து எடுத்த பத்து நிமிடத்துக்குள் பிரெட்சலைத் தின்று பார்த்தவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள்.

செப்டம்பர் கடைசியில் ஷ்டுட்கார்ட்டின் பாட் கான்ஷ்டாட் பகுதியிலுள்ள வாசன் திடலில் ஃபோல்க்ஸ்ஃபெஸ்ட் என்ற மக்கள் விழா தொடங்கிவிடும். 1815-இல் தம்போரா எரிமலை வெடித்ததில் மறு ஆண்டு ஐரோப்பாவில் கோடையே இல்லாமல் போயிற்று. ஷ்டுட்கார்ட்டைத் தலைநகராகக் கொண்டிருந்த வூர்ட்டம்பெர்க்கில் பயிர் அழிந்து ரொட்டிக்கே பஞ்சம். அதிலிருந்து மீண்ட பிறகு, 1818-இல் மன்னர் முதலாம் வில்ஹெல்ம் தொடங்கிவைத்த விழா இது. காய்கனிகளும் கதிர்களும் சூடிய தூண் ஒன்று இன்றும் திடலில் உயரமாக நிற்கிறது. ராட்டினமும் பீர்க் கூடாரமும் இருக்கட்டும். பஞ்சத்துக்குப் பின் பிறந்த விழாவில் ரொட்டிக்குத்தான் முதல் மரியாதை என்பது என் கட்சி. அதனால்தான் விழாச் சமையலைப் பிரெட்சலில் தொடங்கினேன்.

நான் சுடுவது ஷ்வேபிய வகை, அதாவது இந்த ஷ்டுட்கார்ட் பக்கத்து வகை. பவேரியப் பிரெட்சலில் கைகள் தடிமனாக இருக்கும், வயிறு கீறாமலே தானாக வெடிக்கும். ஷ்வேபியத்தில் கை மெல்லிசு, வயிறு பருமன், அதில் பிளேடால் ஒரு கீறல், கொழுப்பும் சற்றுக் கூடுதல். பவேரிய வகைக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடு உண்டு.

மாவைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஜெர்மனியில் 550 என்று எண் போட்டு விற்கும் மைதா 500 கிராம், தண்ணீரும் பாலுமாக 260, வெண்ணெய் 30, உப்பு 10, கட்டி ஈஸ்ட் 10, மால்ட் மாவு ஒரு தேக்கரண்டி. பழைய முறையில் வெண்ணெய்க்குப் பதில் பன்றிக்கொழுப்பு. மாவு நல்ல கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணீர் ஏறிவிட்டால், சுடுவதற்கு முன் லவுகெ என்ற காரக் கரைசலில் முக்கும்போது உருவம் கலைந்துவிடும். ஓர் உருண்டை 85 முதல் 90 கிராம், உருட்டியபின் நீளம் இரண்டு அடியை ஒட்டி. முறுக்குவதைச் சொல்லிக்கொடுக்க முடியாது, கை தானாகப் பழக வேண்டும்.

இனி லவுகெ. காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் கரைத்த கரைசலுக்குத்தான் இங்கே அந்தப் பெயர். பிரெட்சலின் நிறம், மணம், அந்தத் தனி ருசி மூன்றும் இதிலிருந்துதான் வருகின்றன. வீட்டுச் செய்முறை என்று எதை எடுத்தாலும் “ஆப்பசோடா போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரில் முக்கினால் போதும்” என்று எழுதிவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் ஆற்றாமை. போதாது. ஆப்பசோடாக் கரைசலின் பிஹெச், அதாவது காரத்தன்மையைக் காட்டும் எண், 8-ஐ ஒட்டி நிற்கும். வாஷிங் சோடா 11-ஐத் தாண்டும். 4 சதவீத லவுகெ 14-ஐத் தொடும். ஒவ்வோர் எண் ஏறும்போதும் காரத்தன்மை பத்து மடங்கு ஏறுகிறது. அந்தக் காரம்தான் மாவின் மேற்பரப்பிலுள்ள புரதத்தை உடைத்து, ஓவன் சூட்டில் சட்டென்று சிவக்க வைக்கிறது. மேல்மட்ட மாவுச்சத்து கூழாகி இறுகுவதால் பளபளப்பு. ஆப்பசோடாவில் கொதிக்கவிட்டு எடுத்தால் தோல் தடித்து, மங்கலான மஞ்சள்பழுப்பில் ஒரு ரொட்டி வரும். தின்னலாம், ஆனால் அது பிரெட்சல் இல்லை. ஆப்பசோடாவை ஓவனில் ஒரு மணி நேரம் காயவைத்தால் அது வாஷிங் சோடாவாக மாறிவிடும். அதைக் கரைத்து முக்கினால் இன்னும் கொஞ்சம் பக்கத்தில் போகலாம். அவ்வளவுதான்.

பயம் எல்லாருக்கும் இருக்கும், இருக்கவும் வேண்டும். கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. அதனால் மூடிய பாதுகாப்புக் கண்ணாடி, நீளக் கையுறை, முழுக்கைச் சட்டை. குழந்தைகள் சமையலறைப் பக்கமே வரக் கூடாது. 960 கிராம் குளிர்ந்த தண்ணீரை முதலில் அளந்து வைத்து, அதில் 40 கிராம் காஸ்டிக் சோடா மணிகளைச் சிறிது சிறிதாகப் போட வேண்டும். மணிகள் மேல் தண்ணீர் ஊற்றவே கூடாது, கொதித்துத் தெறிக்கும். கரையும்போது கரைசல் சூடேறும். ஜன்னலைத் திறந்து வைத்து, முகத்தைத் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். கையில் பட்டால் வேறு வைத்தியம் எதுவும் பார்க்காமல் குழாயைத் திறந்துவிட்டு நிறையத் தண்ணீரில் கழுவ வேண்டும். பாத்திரம் எவர்சில்வர் அல்லது தடித்த பிளாஸ்டிக். அலுமினியம் பக்கத்திலேயே வரக் கூடாது, லவுகெ அதை அரிக்கும். அலுமினியத் தட்டில் சுட்ட லவுகெப் பண்டங்களில் அலுமினியம் இறங்குவதைப் பற்றி ஜெர்மன் அரசின் இடர் மதிப்பீட்டு நிறுவனமே எச்சரித்திருக்கிறது. சுட்டபின் காஸ்டிக் சோடா ரொட்டியில் அப்படியே இருக்குமோ என்ற கவலை வேண்டாம். ஓவனில் அது கரியமில வாயுவோடு சேர்ந்து கார்பனேட்டாக மாறிவிடுகிறது.

லவுகெ சரியாக இருந்தும் நிறம் திட்டுத் திட்டாக வந்துகொண்டிருந்தது. வழி சொன்னவர் எங்கள் மேல்மாடியில் இருக்கும் பெரியவர், பேக்கரி வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். “முக்குகிறதுக்கு முன்னாடி அதைக் குளிர விடுங்கள், காய விடுங்கள். தோல் பிடிக்கட்டும்” என்றார். விஷயம் முழுவதும் அதில்தான் இருந்தது. முறுக்கிய பிரெட்சலை அறைச்சூட்டில் பாதி அளவு மட்டும் எழும்ப விட வேண்டும். பிறகு மூடாமல், ஈரத்துணி போடாமல், ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் வைக்க வேண்டும். ரொட்டி சுடுபவர்களுக்கு மாவை மூடி வைப்பது ரத்தத்தில் ஊறிய பழக்கம், இங்கே அதை விட்டுவிட வேண்டும். வெளியே எடுக்கும்போது பாலில் ஆடை கட்டியதைப் போல மேலே ஒரு மெல்லிய தோல் கட்டியிருக்கும். விரல் நுனியால் தொட்டால் ஒட்டாது, தட்டினால் லேசாகச் சத்தம் கேட்கும். தூக்கினால் வளையாமல் விறைப்பாக வரும். ஈரமான மாவு லவுகெயை ஒரு பக்கம் அதிகம் குடிக்கும், ஒரு பக்கம் விட்டுவிடும். தோல் கட்டிய மாவில் எல்லா இடத்திலும் ஒரே சீராக ஒரு படலம் மட்டும் ஏறும்.

முக்குவது ஐந்து விநாடி, நன்கு ஆறிய லவுகெயில். வயிற்றுப் பக்கம் கீழே பார்க்கப் போட்டு, திருப்பி, ஜல்லிக் கரண்டியால் எடுத்துச் சொட்டவிட வேண்டும். சொட்டுவதற்குப் பொறுமை வேண்டும். அடியில் லவுகெ தேங்கினால் சுட்டபின் அடிப்பக்கம் சோப்பு ருசி அடிக்கும், தாளும் ஒட்டிக்கொள்ளும். சாதாரண பேக்கிங் தாளை விட்டுவிட்டுத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தும் விரிப்புக்கு மாறிய பிறகு ஒட்டுகிற தொல்லையே இல்லை.

காஸ்டிக் சோடா வாங்குவது தனிக் கதை. உணவுத் தரம் வேண்டும், இ 524 என்று போட்டிருக்க வேண்டும். ஒரு மருந்துக் கடையில் எதற்கு என்று துருவித் துருவிக் கேட்டுவிட்டு இல்லை என்று அனுப்பிவிட்டார்கள். இன்னொன்றில் பிரெட்சலுக்கு என்றதும் சிரித்தபடி எடுத்துக் கொடுத்தார்கள். பேக்கரிப் பொருள் விற்கும் கடைகளில் பிரெட்சலுக்கென்றே மணிகளாகக் கிடைக்கும். சாக்கடை அடைப்பு நீக்கும் தூளும் காஸ்டிக் சோடாதானே என்று யாரும் அதை எடுத்துவிடாதீர்கள். அதில் அலுமினியத் துகள் முதல் என்னென்னவோ கலந்திருக்கும்.

உப்பும் அப்படித்தான். தமிழ்க் கடையில் வாங்கிய கல்லுப்பைத் தூவிப் பார்த்தேன். ஈரம் கோத்துக் கரைந்து, தோலில் குழி விழுந்தது. பிரெட்சலுக்கென்று விற்கும் உப்பு அழுத்தி இறுக்கிய வெள்ளை மணி, ஓவனிலும் கரையாமல் நிற்கும். இதில் சிக்கனம் பார்க்கக் கூடாது. ஷ்வேபியத்தில் உப்பு வயிற்றின் மேல் மட்டும், கைகளில் வேண்டாம்.

ஊராஹ் என்ற ஷ்வேபிய ஊரில் பிரெட்சல் பிறந்ததைப் பற்றி ஒரு கதை சொல்வார்கள். ஃப்ரீடர் என்ற பேக்கர் ஏதோ குற்றத்துக்காகத் தண்டனைக்கு ஆளாகியிருந்தான். சூரியன் மூன்று முறை தெரிகிற ரொட்டி ஒன்றைச் செய்தால் விடுதலை என்று ஏபர்ஹார்ட் பிரபு சொன்னாராம். மூன்று ஓட்டையோடு அவன் முறுக்கி வைத்த ரொட்டி, பூனை ஒன்று பாய்ந்ததில் லவுகெ வாளிக்குள் விழுந்துவிட்டதாம். மியூனிக்காரர்கள் இந்தப் பெருமையைத் தங்கள் பக்கம் இழுக்க 1839-இல் நடந்ததாக வேறொரு கதை வைத்திருக்கிறார்கள். எனக்கு ஊராஹ் கதைதான் பிடித்திருக்கிறது. வாளி லவுகெ அடுக்களையில் கைக்கெட்டும் இடத்தில் இருந்தது என்பதே எவ்வளவு அழகான விவரம்!

அடுத்து என்ன என்பது இப்போதே மனத்தில் ஓடுகிறது. நவம்பர் 11 புனித மார்ட்டின் நாளுக்கு இனிப்பு ஈஸ்ட் மாவில் மார்ட்டின்பிரெட்சல், டிசம்பர் 31-க்கு ஒரு முழ அளவில் புத்தாண்டுப் பிரெட்சல். இரண்டுக்கும் லவுகெ இல்லை, முட்டை பூசிச் சுடுவது. உயிர்த்த ஞாயிறுக்கு முந்தைய நோன்புக் காலத்தில் பீபராஹ் பக்கம் சுடுகிற நோன்புப் பிரெட்சல் இன்னும் ஆசை காட்டுகிறது. அதை வெறும் வெந்நீரில் போட்டு எடுத்து வெள்ளையாகவே சுடுவார்கள். ஜூலையில் ஷ்பையர் பிரெட்சல் திருவிழாவுக்குப் போய்வர வேண்டும். 1910 முதல் நடக்கிறது.

சரி, இந்தத் தட்டுக்கு வருவோம். உப்பு தூவியதும் வயிற்றின் தடித்த பகுதியில் பிளேடைச் சாய்த்துப் பிடித்து, அரை சென்டிமீட்டர் ஆழத்துக்கு ஒரே இழுப்பு. தோல் கட்டியிருப்பதால் பிளேடு தயங்காமல் போகும், அந்தச் சத்தமே தனி சுகம். 230 டிகிரி, மேல் கீழ் சூடு, 14 நிமிடம். கடைசி மூன்று நிமிடம் ஓவன் கதவில் மரக்கரண்டியைச் செருகி ஆவியை வெளியேற்றினால் கைகள் நன்றாக மொறுமொறுக்கும். எடுத்ததும் தண்ணீர் தெளித்தால் பளபளப்பு இன்னும் ஏறும்.

இன்னும் பிடி கொடுக்காதது கையும் வயிறும் சேரும் இடம். வயிறு சரியாக வேகும்வரை விட்டால் கைகளின் நுனி கருக்குகிறது. கைகளைக் கொஞ்சம் தடிமனாக்கினால் பவேரியம் ஆகிவிடும், அதற்கு மனசில்லை. மாவை 80 கிராமாகக் குறைத்து, வயிற்றைச் சற்றுச் சிறிதாக்கிப் பார்க்கப் போகிறேன். அதோடு கீறலை இன்னும் மேலே ஏற்றினால் சூடு சீக்கிரம் உள்ளே இறங்கும் என்று தோன்றுகிறது.

மிச்ச லவுகெயைக் கொட்ட வேண்டியதில்லை. வடிகட்டி, திருகுமூடி போட்ட தடித்த பிளாஸ்டிக் புட்டியில் ஊற்றி, பெரிய எழுத்தில் பெயரும் தேதியும் ஒட்டி, உயரத்தில் பூட்டி வைத்திருக்கிறேன். தண்ணீர், ஜூஸ் வந்த புட்டிகளில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். காற்றுப் பட்டால் வீரியம் குறையும் என்பதால் மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் அதிலேயே அடுத்த தட்டு.