பெயின்ட் வாளியில் கடல்

2019 ஆகஸ்டில் சென்னைக் கடற்கரையில் அலை நீலமாக மின்னியதைப் பார்த்துவிட்டான் என் மச்சான். அன்றிலிருந்து ஒவ்வொரு லீவுக்கும் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வந்து, "மூணு கடல் இருந்து என்ன அத்தான் பிரயோஜனம்?" என்று கேட்பான்.

போன ஐப்பசியில் பக்கத்திலுள்ள சொத்தவிளைக் கடற்கரையில் கடல் மின்னுகிறது என்று கேள்விப்பட்டதும் ஸ்கூட்டரை எடுத்தேன். நிஜம்தான். அலை உடையும் வரியில் நீலம் ஓடி அணைந்தது. ஈர மணலில் கால் வைத்தால் பாதத்தைச் சுற்றிப் பொட்டுப் பொட்டாக வெளிச்சம். பன்னிரண்டு போட்டோ எடுத்தேன். பன்னிரண்டும் கறுப்பு. மச்சானுக்கு அனுப்பினால், "அங்க கரன்ட் இல்லையா அத்தான்?" என்று பதில்.

ரோஷம் வந்துவிட்டது. ஒரு காலி பெயின்ட் வாளியில் கடல் தண்ணீர் மொண்டு, மூடி போட்டு, கால் இடுக்கில் வைத்து நாகர்கோவில் வந்து சேர்ந்தேன். வழியெல்லாம் குண்டும் குழியும். மின்னுவது நாக்டிலூகா என்ற ஒற்றைச் செல் உயிர். அதிகம் போனால் இரண்டு மில்லிமீட்டர் இருக்கும். தண்ணீர் குலுங்கினால் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் ஒளிரும். விடாமல் குலுக்கினால் களைத்துப்போகும். இதெல்லாம் பிறகு படித்தது. பாதிக் கடல் மூடிக்குள்ளேயே, பார்க்க ஆளில்லாமல், மின்னித் தீர்ந்திருக்கும்.

வீட்டில் எல்லா லைட்டையும் அணைத்தாயிற்று. ஆனால் வாசலில் இருக்கும் தெருவிளக்கை யார் அணைப்பது? வாழ்க்கையில் முதல்முறையாகக் கரன்ட் போகாதா என்று வேண்டினேன். தேவையான அன்றைக்கு அது போகுமா! கடைசியில் அம்மா, மனைவி, இரண்டு பிள்ளைகள், நான், வாளி, எல்லாரும் குளியலறைக்குள் புகுந்து கதவைச் சாத்தினோம்.

சின்னவள் கையை விட்டுக் கலக்கினாள். விரல் போன வழியெல்லாம் நீலம். "ஆ!" என்று ஐந்து பேரும் ஒரே குரலில்.

"இதுக்கா இவ்வளவு பாடு?" என்றாள் அம்மா. கடியப்பட்டணத்தில் பிறந்தவள். "அப்பா ராத்திரி வலை இழுத்தா கையெல்லாம் இப்படித்தான் மினுங்கும், கேட்டியா."

அதோடு விட்டிருக்கலாம். பெரியவன் போனைத் தட்டி, "இதுக்குக் காரணம் லூசிபெரின்னு ஒரு பொருள் பாட்டி" என்றான்.

இருட்டில் ஒரு அமைதி. "என்ன பேரு சொன்ன?"

"லூசிபெரின். லூசிபர்னா லத்தீன்ல வெளிச்சம் கொண்டு வாறவன்னு அர்த்தமாம்."

அம்மா சிலுவை போட்டுக்கொள்ளும் சத்தம்கூட எனக்குக் கேட்டது. "சாத்தானையா மக்களே வாளியில கோரிட்டு வந்திருக்க?"

வேதியியல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மின்மினிக்குள்ளும் அதே பேரில் ஒரு பொருள் இருக்கிறது என்று நான் சொன்னது, மின்மினிக்குத்தான் கெட்ட பேர் வாங்கிக் கொடுத்தது. மச்சானுக்கு வீடியோ கால் போடப் போனை எடுத்துவிட்டுத் திரும்பினால் வாளி காலி. தென்னை மூட்டில் ஊற்றிவிட்டாளாம். "உப்புத் தண்ணி, தென்னைக்கு நல்லது" என்றாள்.

இப்போது சின்னவள் தினமும் ராத்திரி ஜன்னல் வழியாக அந்தத் தென்னையைப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறாள்.