பிரேக் மிதித்தால் மட்டும் பதறிய வலது இண்டிகேட்டர்

கோளாறு கடைசியில் ஒரே ஒரு போல்ட்டில்தான் இருந்தது. டிக்கிக்குள், வலது பின்விளக்குக்குப் பக்கத்தில், எர்த் ஒயரை, அதாவது விளக்கிலிருந்து கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் ஒயரை, காரின் பாடியோடு இறுக்கியிருக்கும் சின்ன போல்ட். அதைக் கண்டுபிடிக்க ஐந்து வாரம் ஆனது. மூன்று முறை ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். நன்றாக இருந்த ஒரு பல்பும், இண்டிகேட்டரை விட்டு விட்டு எரிய வைக்கும், நன்றாக இருந்த ஒரு ஃபிளாஷர் ரிலேயும் மாற்றப்பட்டன. நான் தடுக்காமல் இருந்திருந்தால் ஸ்டியரிங்கைக் கழற்றி, அதன் கீழே இண்டிகேட்டர் போடும் காம்பினேஷன் ஸ்விட்சையும் மாற்றியிருப்பார்கள். அந்த ஆற்றாமை இன்னும் அடங்கவில்லை.

தொடக்கம் இப்படி. ராத்திரி நேரம், வலப்பக்கம் திரும்ப இண்டிகேட்டர் போட்டுவிட்டு வேகத்தைக் குறைக்கிறேன். டேஷ்போர்டில் டிக் டிக் என்று நிதானமாக அடிக்க வேண்டியது படபடவென்று அடிக்கிறது. திரும்பி முடித்துப் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் பழையபடி நிதானம். ஒரு பல்ப் போனால் இண்டிகேட்டர் வேகமாக அடிக்கும் என்பது பலருக்கும் தெரியும். அது கோளாறு அல்ல, எச்சரிக்கை. எலக்ட்ரானிக் ஃபிளாஷர் தன் வழியாகப் போகும் கரண்ட்டை அளக்கிறது. அது குறைந்தால் வேகத்தை ஏறக்குறைய இரண்டு மடங்காக்கி நமக்குச் சொல்கிறது. சூட்டில் வளையும் உலோகப் பட்டையால் இயங்கும் பழைய பைமெட்டல் ஃபிளாஷரில் இதற்கு நேர்மாறு: பல்ப் போனால் அடிப்பது மந்தமாகும், அல்லது நின்றே போகும். இப்போது வரும் பல கார்களில் தனி ரிலேயே கிடையாது, அந்த வேலையை பாடி கன்ட்ரோல் மாட்யூல் என்ற சின்ன கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்கிறது.

நான் செய்த முதல் தவறு, பிரேக்கையும் இண்டிகேட்டரையும் சேர்த்துப் பார்க்காததுதான். ஒர்க்‌ஷாப்பில் போய், "வலது இண்டிகேட்டர் சில நேரம் வேகமா அடிக்குது" என்று மட்டும் சொன்னேன். பட்டப்பகல். வண்டி நிற்கிறது, விளக்கு போடவில்லை, பிரேக்கில் யாருடைய காலும் இல்லை. மெக்கானிக் இண்டிகேட்டரைப் போட்டார். நாலு பக்கமும் அழகாக அடித்தது. "நல்லாத்தானே சார் எரியுது" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று பின்பக்கத்து 21 வாட் பல்பை மாற்றி அனுப்பினார்கள். அன்று ராத்திரியே மறுபடியும் படபடப்பு.

இரண்டாவது முறை ரிலேயை மாற்றினார்கள். மூன்றாவது முறை போனபோது, வண்டியை எடுத்துச் சோதித்துக்கூடப் பார்க்காமல், "காம்பினேஷன் ஸ்விட்ச்தான் சார், மாத்திடலாம்" என்றார்கள். எதை அளந்து அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். பதில் இல்லை. வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன். இந்த இடத்தில் ஒரு வார்த்தை: விட்டு விட்டு வரும் எலக்ட்ரிக்கல் கோளாறுக்கு, எதையும் அளக்காமல் பாகத்தை மாற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். இன்னொன்றையும் அப்போதே யோசித்திருக்க வேண்டும். ஸ்விட்சோ ரிலேயோ கெட்டிருந்தால் முன்பக்கத்து இண்டிகேட்டரும் சேர்ந்துதானே மங்க வேண்டும்? என் காரில் முன்பக்கத்து வலது இண்டிகேட்டர் விளக்கு ஒருநாளும் மங்கியதில்லை.

ஞாயிற்றுக்கிழமை மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு நானே உட்கார்ந்தேன். பியூஸ் சரி. பல்பைப் பொருத்தும் ஹோல்டருக்கு 12 வோல்ட் வருகிறது. எர்த்தைப் பார்க்க மீட்டரை, இணைப்பு இருந்தால் பீப் சத்தம் வரும் கன்டின்யூட்டியில் வைத்து, ஒரு முனையை ஹோல்டரின் எர்த்திலும் மறுமுனையைப் பாடியிலும் தொட்டேன். 'பீப்' என்று கத்தியது. எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டி, டிக்கி மூடியின் கீல் பக்கம் ஒயர் அறுந்திருக்குமோ என்று தேடப் போய்விட்டேன். அரை நாள் வீண். அந்த பீப்பை நம்பியதுதான் நான் செய்த பெரிய தவறு. பெரும்பாலான மீட்டர்கள் 30, 40 ஓம் வரைக்கும்கூட பீப் அடிக்கும். எரிந்துகொண்டிருக்கும் 21 வாட் பல்பின் மின்தடையே 7 ஓம் சொச்சம்தான். எர்த்தில் 2 ஓம் கூடினாலே விளக்கின் கதை மாறிவிடும். மீட்டருக்கு அந்த 2 ஓம் ஒரு பொருட்டே இல்லை.

உண்மையைக் கண்டுபிடித்தது என் தங்கை. சாயங்காலம் இருட்டிய பிறகு அவளைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு, விளக்கைப் போட்டு, பிரேக்கை மிதித்து, வலது இண்டிகேட்டரைப் போட்டேன். "அண்ணா, மஞ்சள் விளக்கு எரியும்போதெல்லாம் பக்கத்துல இருக்கற சிவப்பு மங்குது. இடது பக்கம் அப்படி இல்லையே!" என்றாள். சீட்டிலிருந்து இறங்கும்போதே எனக்குப் புரிந்துவிட்டது. ஒரு விளக்கு இன்னொன்றின் தாளத்துக்கு மங்குகிறது என்றால் இரண்டுக்கும் பொதுவான எர்த் சரியில்லை என்று அர்த்தம். டெயில் லேம்ப், பிரேக், இண்டிகேட்டர் மூன்றும் ஒரே கறுப்பு ஒயர் வழியாகத்தான் பாடிக்குத் திரும்புகின்றன. இண்டிகேட்டர் மட்டும் எரிந்தால் அந்தக் குறுகலான வழி எப்படியோ தாங்கிவிடுகிறது. பிரேக்கும் டெயில் லேம்பும் சேர்ந்தால் நெரிசலாகிவிடுகிறது. இண்டிகேட்டர் பல்புக்குப் போகும் கரண்ட் குறைகிறது, ஃபிளாஷர் அதை "பல்ப் போச்சு" என்று எடுத்துக்கொள்கிறது.

இந்த முறை சரியான விதத்தில் அளந்தேன். மீட்டரை டிசி 20 வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரியின் நெகட்டிவில் ஒரு நீள ஒயர் கொண்டு இணைத்தேன். சிவப்பு முனையை ஹோல்டரின் எர்த் பின்னில் வைத்தேன். விளக்குகள் எரிந்துகொண்டிருக்கும்போதே அளப்பதுதான் இதில் முக்கியம். கரண்ட் ஓடாத ஒயரில் வோல்ட்டேஜ் இழப்பு தெரியாது. நல்ல எர்த்தில் 0.1, 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டக் கூடாது. எனக்கு இண்டிகேட்டர் எரியும்போது மட்டும் 2.7 காட்டியது. பிரேக்கும் டெயில் லேம்பும் சேர்ந்தபோது 4.9. பல்புக்கு வந்து சேர வேண்டிய 12 வோல்ட்டில் ஏறக்குறைய 5 வோல்ட் அந்த எர்த்திலேயே தொலைந்துகொண்டிருந்தது. ஐந்து வாரமாக, நான் திரும்பப் போகிறேன் என்பதைப் பின்னால் வந்தவர்கள் பாதி வெளிச்சத்தில்தான் பார்த்திருக்கிறார்கள். அதை நினைத்தபோதுதான் கோபத்தைவிட பயம் அதிகமாக வந்தது.

மீட்டர் இல்லாதவர்கள் இன்னொரு வழியில் உறுதி செய்யலாம். ஹோல்டரின் எர்த் ஒயரிலிருந்து ஒரு தனி ஒயரை எடுத்து, பெயின்ட் இல்லாத சுத்தமான உலோகத்தில் தொட்டுப் பாருங்கள். நான் தொட்ட அந்த நொடியே சிவப்பு பளிச்சென்று ஆனது, படபடப்பு நின்றது. ஆனால் அது எர்த் ஒயர்தான் என்று முதலில் நிச்சயம் செய்துகொள்ளுங்கள். பாசிட்டிவ் ஒயரைப் பாடியில் தொட்டால் பியூஸ் போகும்.

டிக்கியின் ஓரத்து உறையைக் கழற்றினால் போல்ட் கண்ணுக்கு முன்னால். விளக்கின் கேஸ்கெட் ஓரமாக மழைத்தண்ணீர் கசிந்து இறங்கிய தடம் தெரிந்தது. ஒயர் முனையில் இருக்கும் வளையமான ரிங் டெர்மினல் முழுக்கப் பச்சைக் களிம்பு, அதற்கு அடியில் துரு. பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டு வேலையைத் தொடங்கினேன். போல்ட் மசியவில்லை. துரு இளக்கும் எண்ணெயை விட்டு ஒரு மணி நேரம் காத்திருந்துதான் திருகினேன். அவசரப்பட்டு முறுக்கியிருந்தால் தலை அறுந்திருக்கும். டெர்மினலைச் சுரண்டிச் சுத்தம் செய்வதில் பயனில்லை. களிம்பு ஒயருக்குள்ளேயும் ஏறியிருக்கும். செம்பு பளபளக்கும் இடம் வரைக்கும் வெட்டி, புது டெர்மினலை நசுக்கிப் பொருத்தினேன் (கிரிம்ப்). பாடியில் எமரி பேப்பர் போட்டு வெள்ளி நிறம் தெரியும் வரை தேய்த்து, பல்வைத்த வாஷரோடு இறுக்கினேன். வாஸ்லினை இறுக்கிய பிறகுதான் மேலே பூசினேன். கேஸ்கெட்டும் மாற்றியாகிவிட்டது. அதைச் செய்யாவிட்டால் ஒரு மழைக்காலத்தில் எல்லாம் திரும்ப வந்துவிடும்.

எல்லா விளக்கையும் போட்டு மறுபடி அளந்தேன்: 0.05 வோல்ட். கடிகாரத்தை வைத்து இண்டிகேட்டரையும் எண்ணினேன். நிமிடத்துக்கு 84. ஐ.நா.வின் வாகன விளக்கு விதிமுறை 48 சொல்வது 90, அதில் 30 கூடலாம் குறையலாம். பிரேக்கை மிதித்து எண்ணினேன், 84. விட்டுவிட்டு எண்ணினேன், 84. தங்கை பின்னாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டியபோது அவ்வளவு நிம்மதியாக இருந்தது.

மீட்டர் கையில் இருக்கும்போதே இடப்பக்கத்து எர்த்தையும் அளந்து பார்த்தேன். எல்லா விளக்கும் எரியும்போது 0.4 காட்டுகிறது. வெளிச்சத்தில் இப்போதைக்கு வித்தியாசம் தெரியவில்லை. அடுத்த ஞாயிறு அந்த போல்ட்டையும் கழற்றப் போகிறேன்.