ஏழு யுவானும் தவறான நாளில் குத்தப்பட்ட முத்திரையும்

2019 ஆகஸ்ட் 5, திங்கட்கிழமை காலையில், ஒரு டாலருக்கு ஏழு யுவான் என்ற அளவைத் தாண்டிச் சீன நாணயம் இறங்கியது. 2008க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. அன்றைய பொழுது முடிவதற்குள் அமெரிக்கக் கருவூலத் துறை, நாணய மதிப்பைச் செயற்கையாகக் கையாளும் நாடு என்று சீனாவை அறிவித்துவிட்டது. 1994க்குப் பிறகு அதுவரை எந்த நாட்டின் மீதும் அமெரிக்கா அந்த முத்திரையைக் குத்தியிருக்கவில்லை. அதற்குச் சற்றும் பொருந்தாத நாளைப் பார்த்து அதைக் குத்தினார்கள் என்பதே என் எண்ணம். பொருந்தியிருக்கக்கூடிய ஆண்டுகள் பல உண்டு. அப்போதெல்லாம் வாஷிங்டன் குறைகூறியதோடு நிறுத்திக்கொண்டது.

யுவானின் விலை எப்படி முடிவாகிறது என்பதைப் பார்த்தால் இது விளங்கும். சீன மக்கள் வங்கி, அதாவது அந்நாட்டின் மத்திய வங்கி, ஒவ்வொரு வேலை நாளும் பெய்ஜிங் நேரப்படி காலை 9.15க்கு ஒரு நடு விகிதத்தை வெளியிடுகிறது. நமக்கு அப்போது காலை 6.45, காபி ஆறுவதற்குள் அந்த எண்ணைப் பார்த்துவிடும் பழக்கம் எனக்கு உண்டு. உள்நாட்டுச் சந்தையில் அந்த விகிதத்திலிருந்து இரண்டு சதவீதம் மேலேயோ கீழேயோ மட்டுமே யுவான் நகரலாம். ஹாங்காங்கில் கைமாறும் யுவானுக்கு இந்தக் கட்டு இல்லாததால், சந்தையின் பதற்றம் முதலில் அங்கேதான் தெரியவரும். ஆகஸ்ட் 1 அன்று, அதுவரை கூடுதல் வரிக்கு உட்படாமல் மீதமிருந்த சுமார் 30,000 கோடி டாலர் மதிப்புள்ள சீனப் பொருட்களுக்கும் 10 சதவீத வரி விதிக்கப்போவதாக அதிபர் டிரம்ப் அறிவித்தார். விற்பவர்கள் பெருகினார்கள். ஆகஸ்ட் 5 காலையில் வெளியான நடு விகிதம் 6.9225. ஏழு என்ற அளவைக் காப்பதற்கு மத்திய வங்கி இனி பணம் இறைக்கப்போவதில்லை என்று அதைச் சந்தை புரிந்துகொண்டது; அதன்பின் ஏழு உடைவதற்கு நேரம் பிடிக்கவில்லை.

அன்று மத்திய வங்கி தந்த விளக்கம் சுவையானது. ஏழு என்பது வயதைப் போல ஒருமுறை கடந்தால் திரும்பி வராதது அல்ல, உடைந்தால் வெள்ளம் பாய்ந்துவிடும் அணையும் அல்ல, மழைக்காலத்தில் ஏறிக் கோடையில் இறங்கும் நீர்த்தேக்கத்தின் நீர்மட்டம் போன்றது என்றது அது. பல ஆண்டுகள் அந்த எண்ணை அணையாகவே பாவித்துக் காவல் காத்தவர்கள் சொன்ன விளக்கம் இது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

இறக்குமதி வரியும் நாணய மதிப்பும் ஒன்றையொன்று எப்படி ஈடுசெய்கின்றன என்பதைச் சிறு கணக்கில் பார்க்கலாம். 2018இன் தொடக்க மாதங்களில் டாலருக்குச் சுமார் 6.3 யுவான். 63 யுவானுக்கு விற்கும் பொருள் அமெரிக்கத் துறைமுகத்தில் 10 டாலர். யுவான் 7க்கு இறங்கினால் அதே பொருள் 9 டாலர். அதன்மேல் 10 சதவீத வரி போட்டாலும் 9 டாலர் 90 சென்ட்தான். வரி விதித்தவருக்குக் கோபம் வருவது இயல்பே. ஆனால் வரி 25 சதவீதம் என்றால் அதே பொருள் 11 டாலர் 25 சென்ட் ஆகிவிடும். 2019 மே மாதத்திலிருந்து சீனப் பொருட்களில் பெரும் பகுதிக்கு அந்த வரிதான் நடப்பில் இருந்தது. மேலும், இது காகிதக் கணக்கு. பெரும்பாலான ஒப்பந்தங்கள் டாலரிலேயே எழுதப்படுவதால் விலை அவ்வளவு எளிதில் இறங்குவதில்லை. வரியின் சுமை ஏறத்தாழ முழுவதும் அமெரிக்க இறக்குமதியாளர்கள் தலையிலேயே விழுந்தது என்று பொருளாதார ஆய்வுகள் பின்னர் காட்டின.

உண்மையான கையாளுதல் நடந்த காலம் வேறு. 2005 ஜூலை வரை பல ஆண்டுகளாக டாலருக்கு 8.28 யுவான் என்று சீனா கட்டிவைத்திருந்தது. ஏற்றுமதியால் வந்து குவிந்த டாலர்களை மத்திய வங்கியே வாங்கிக்கொண்டதால் யுவான் ஏற வழியில்லாமல் இருந்தது. 2007இல் நடப்புக் கணக்கு உபரி, அதாவது வெளிநாடுகளுடனான வர்த்தகத்திலும் வருமானத்திலும் செலவை மிஞ்சிய வரவு, உள்நாட்டு உற்பத்தியில் பத்து சதவீதத்தை நெருங்கியது. 2014இன் நடுவில் அந்நியச் செலாவணிக் கையிருப்பு ஏறத்தாழ 4 லட்சம் கோடி டாலரைத் தொட்டது. அந்நாட்களில் செனட்டர்கள் சார்லஸ் ஷூமரும் லிண்ட்சே கிரகாமும் சீனப் பொருட்களுக்கு 27.5 சதவீத வரி கோரி மசோதா கொண்டுவந்தார்கள், அது சட்டமாகவில்லை. புஷ் ஆட்சியும் ஒபாமா ஆட்சியும் பேச்சுவார்த்தையையே நம்பின. அமெரிக்க அரசுக் கடன்பத்திரங்களை அள்ளி வாங்கிக்கொண்டிருந்த நாட்டின் மீது முத்திரை குத்தத் தயங்கியதில் வியப்பில்லை.

2014க்குப் பிறகு காற்று திசை மாறியது. சீனாவிலிருந்து முதலீடு வெளியேறத் தொடங்கியதும், யுவான் சரியாமல் இருக்க மத்திய வங்கி டாலர்களை விற்றது. 2017 ஜனவரிக்குள் கையிருப்பில் சுமார் ஒரு லட்சம் கோடி டாலர் குறைந்தது. ஆக, 2019 ஆகஸ்டில் சீனா செய்தது, தாங்கிப் பிடித்திருந்த கையைச் சற்றுத் தளர்த்தியது மட்டுமே. 2015ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் கருவூலத் துறை வகுத்திருந்த மூன்று அளவுகோல்களில், அமெரிக்காவுடனான வர்த்தக உபரி என்ற ஒன்றுக்குத்தான் சீனா அப்போது உட்பட்டிருந்தது. அதனால் சொற்கள் தளர்வாக உள்ள 1988ஆம் ஆண்டுச் சட்டத்தைத் துணைக்கு அழைத்தார்கள். சில நாட்களிலேயே வெளியான சர்வதேச நாணய நிதியத்தின் அறிக்கை, யுவானின் மதிப்பு பொருளாதார அடிப்படைகளோடு பெருமளவு ஒத்தே இருக்கிறது என்றது. 2020 ஜனவரி 13 அன்று முத்திரை விலக்கப்பட்டது. ஜனவரி 15 அன்று முதல் கட்ட வர்த்தக ஒப்பந்தம் கையெழுத்தானது. இரண்டு தேதிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பேரம் எது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

யுவானை வேகமாக உயர்த்தச் சீனா மறுப்பதற்கு ஜப்பானைக் காரணம் காட்டுவார்கள். 1985 செப்டம்பர் 22 அன்று நியூயார்க்கின் பிளாசா ஹோட்டலில் ஐந்து நாடுகள் கூடி டாலரை இறக்க ஒப்புக்கொண்டன. டாலருக்கு 240 யென் என்றிருந்தது இரண்டே ஆண்டுகளில் 150க்கும் கீழே வந்தது, அதாவது யென் அவ்வளவு ஏறியது. அதன்பின் வந்த சொத்து விலைக் குமிழியும் தேக்கமும் அமெரிக்காவுக்குப் பணிந்ததன் விலை என்பது பெய்ஜிங்கில் அடிக்கடி கேட்கும் வாதம். இதில் பாதியைத்தான் நான் ஏற்பேன். அதே ஒப்பந்தத்தில் மேற்கு ஜெர்மனியும் இருந்தது, அதன் நாணயமான மார்க்கும் நன்றாகவே ஏறியது, ஆனால் அங்கே நிலத்தின் விலை விண்ணைத் தொடவில்லை. யென் ஏறியதன் வலியைக் குறைக்க வட்டியை 2.5 சதவீதத்துக்கு இறக்கி, அதை நெடுநாள் அப்படியே விட்டுவைத்தது ஜப்பானின் சொந்த முடிவு.

2020 டிசம்பரில் அதே முத்திரை வியட்நாமுக்கும் சுவிட்சர்லாந்துக்கும் கிடைத்தது. 2021 ஏப்ரலில் விலக்கப்பட்டது. சீனாவிலிருந்து நகர்ந்த தொழிற்சாலைகளை வியட்நாம் வரவேற்றதால்தான் அதன் உபரி வீங்கியது என்பதால், ஒரு வகையில் அமெரிக்கா தன் வரியின் விளைவுக்கே பெயர் சூட்டியது. 2025 ஏப்ரலில் சீனப் பொருட்கள் மீதான அமெரிக்காவின் புதிய வரி 145 சதவீதத்துக்கு ஏறியபோது, முழுவதையும் நாணயத்தால் ஈடுகட்ட வேண்டுமானால் டாலருக்கு 17 யுவானுக்கு மேல் போயிருக்க வேண்டும். நடு விகிதம் 7.2ஐ ஒட்டியே நின்றது. ஜூன் மாத அறிக்கையில் கருவூலத் துறை சீனாவின் செலாவணிக் கொள்கையில் வெளிப்படைத்தன்மை இல்லை என்று கடிந்துகொண்டது. முத்திரையை மட்டும் குத்தவில்லை.