விமானிகள் பற்றிய கேள்வியும் பஸ் தரிப்பிடத்து ஐயாவும்

கைத்தொழில் உறவுகள் பாடத்தின் இடைத்தவணைப் பரீட்சையில் வந்த கேள்வி இது: விமானிகளைப் பற்றிப் பொதுமக்கள் கொண்டுள்ள எண்ணம் அவர்களது கூட்டுப் பேரம்பேசலை (சம்பளம், வேலை நிபந்தனைகள் பற்றித் தொழிற்சங்கம் முதலாளியோடு நடத்தும் பேச்சுவார்த்தையை) எவ்வாறு பாதிக்கிறது? இருபத்தைந்து புள்ளிகளில் எனக்குக் கிடைத்தவை ஒன்பது. இறுதிப் பரீட்சையில் ஏறக்குறைய அதே கேள்வி திரும்பி வந்தபோது தப்பித்துக்கொண்டேன். இடையில் எதை மாற்றினேன் என்று, இம்முறை எழுதப்போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

முதல்முறை ஒரே ஆளை வைத்து எழுதினேன். 2009 ஜனவரி 15 அன்று இயந்திரங்கள் நின்றுபோன விமானத்தை நியூயோர்க்கின் ஹட்சன் ஆற்றில் இறக்கி, 155 பேரும் உயிர்தப்ப வைத்த அமெரிக்க விமானி சல்லன்பேர்கர். மக்கள் விமானிகளைக் கொண்டாடுகிறார்கள், ஆகவே பேச்சுவார்த்தையில் அவர்கள் கை ஓங்கும் என்று முடித்துவிட்டேன். "கைதட்டல் சம்பளமாகுமா?" என்று விரிவுரையாளர் ஓரத்தில் எழுதியிருந்தார். தேடிப் பார்த்தால், அடுத்த மாதமே அதே மனிதர் அமெரிக்கக் காங்கிரஸ் முன் நின்று, தன் சம்பளம் 40 சதவீதம் வெட்டப்பட்டதையும் ஓய்வூதியம் கைவிட்டுப் போனதையும் சொல்லியிருக்கிறார்.

வன்னியில் வளர்ந்த எங்களில் பலர் விமானத்தில் ஏறியதே இல்லை. சின்ன வயதில் அந்தச் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடினோம். பயணிகள் விமானி என்ற ஆளை மனதில் கொண்டுவரவே எனக்கு நேரம் எடுத்தது. அதனால் பஸ்ஸிலிருந்து தொடங்கினேன். கிளிநொச்சியிலிருந்து வவுனியாவுக்கு ஏ9 வீதியில் போய்வருகிறவளுக்குப் பணிப்பகிஷ்கரிப்பைப் பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. பஸ் ஓடாத ஒருநாள் தரிப்பிடத்தில் நின்ற ஐயா ஒருவர் காலையில், "பாவம், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது" என்றார். பதினொரு மணி வெயிலில் அதே வாயால் திட்டினார்.

வேடிக்கை என்னவென்றால், 1989இல் அவுஸ்திரேலிய உள்நாட்டு விமானிகள் 29.47 சதவீதச் சம்பள உயர்வு கேட்டபோது, பிரதமர் பொப் ஹோக் அவர்களைப் பஸ் சாரதிகளோடு ஒப்பிட்டுத்தான் மட்டம் தட்டினார். (எங்கள் ஊர்ச் சாரதிகள் கேட்டால் அவர்களுக்குத்தான் கோபம் வரும்.) ஏற்கெனவே வசதியானவர்கள் என்ற பெயர் இருந்ததால் அந்தப் பேச்சு எடுபட்டது. விமானப்படை விமானங்களில் பயணிகளை ஏற்றினார்கள். கூட்டமாகப் பதவி விலகிய விமானிகளில் பலருக்கு அந்த வேலை திரும்பக் கிடைக்கவேயில்லை.

இதற்கு எதிர் உதாரணமும் கட்டாயம் வேண்டும். 2009 பெப்ரவரியில் அமெரிக்காவின் பஃபலோ அருகே 50 பேர் இறந்த விபத்தின் விசாரணையில், துணை விமானியின் ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 16,000 டொலர் என்று சொல்லப்பட்டபோது பலர் திகைத்தார்கள். ஆகவே எந்த விமானியைப் பற்றி எழுதுகிறீர்கள் என்பதை முதல் பந்தியிலேயே சொல்லிவிடுங்கள்.

சட்டத்தைச் சுருக்கமாக எழுதினால் போதும். அமெரிக்காவின் 1926ஆம் ஆண்டு ரயில்வே தொழிலாளர் சட்டம் 1936இல் விமான சேவைக்கும் விரிவாக்கப்பட்டது. மத்தியஸ்தம் தோற்றாலும் வேலைநிறுத்தம் செய்ய 30 நாள் பொறுக்க வேண்டும். அதன் பிறகும் ஜனாதிபதி தலையிடலாம். 1997 பெப்ரவரியில் அமெரிக்கன் எயார்லைன்ஸ் விமானிகளின் வேலைநிறுத்தத்தை, அது தொடங்கிய சில நிமிடங்களிலேயே ஜனாதிபதி கிளின்டன் நிறுத்தினார். பயணிகளின் கோபம் முதலில் போய்ச் சேருமிடம் அரசாங்கம். இந்த ஒரு வசனத்தைச் சுற்றித்தான் இரண்டாம் முறை விடையைக் கட்டினேன்.

எங்கள் இலங்கையின் 1950ஆம் ஆண்டு கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தோடு ஒப்பிடப்போய் நேரத்தைக் கரைத்தது என் பிழை. கடைசிக் கேள்வியை ஒன்றரைப் பக்கத்தில் முடிக்க வேண்டியதாயிற்று. தரிப்பிடத்து ஐயாவையும் மூன்று வரியில் எழுதினேன். அதற்குப் பக்கத்தில் சரி விழுந்ததா என்று தெரியாது, இறுதி விடைத்தாள் கைக்கு வருவதில்லை.