கூடவே வரும் வாடை

மார்ச் 2, 2025. ஏற்காடு

காப்பி பூத்துவிட்டது. ஒரு மழைக்கே எஸ்டேட் முழுக்க வெள்ளை. ரோட்டோரம் காரை நிறுத்திவிட்டு டூரிஸ்ட்டுகள் மூச்சை இழுத்து இழுத்து விடுகிறார்கள். எனக்கு அந்த மணம் எட்டவே இல்லை, எட்டுவதெல்லாம் என்னுடைய வாடை மட்டும்தான்.

மார்ச் 4

குளித்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. புடவையை மடித்துவைத்துவிட்டு உட்கார்ந்து எழுந்தால் ஆரம்பித்துவிடுகிறது. மீன் கழுவிய தண்ணீரைக் கொட்டாமல் வைத்ததுபோல. சாம்பல் வெள்ளையாக, தண்ணியாகப் படுகிறது. அரிப்பு இல்லை, எரிச்சல் இல்லை. அரிப்பாவது இருந்தால் அத்தையிடம் சொல்லியிருக்கலாம், அரிப்பைச் சொல்வதில் வெட்கம் கம்மி.

மார்ச் 5

ஒருவேளை என் மூக்குதான் கோளாறோ. மாசமானதிலிருந்து பக்கத்து வீட்டுத் தாளிப்புக்கே வாந்தி எடுத்தவள் நான். அவரிடம் கேட்டேன், "ஏங்க, வீட்ல ஏதாவது வாடை வருதா?" எலி செத்திருக்கும் என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு பரண் ஏறிவிட்டார். இறங்கி வரும்வரை சிரித்தேன், அப்புறம் பாத்ரூமில் போய் அழுதேன்.

மார்ச் 9

வளைகாப்பு. எல்லாரும் நல்லா இருந்தது என்றார்கள்.

எனக்கு என்ன ஞாபகம் இருக்கிறதென்றால், ஒவ்வொருத்தராகக் குனிந்து கன்னத்தில் சந்தனம் பூசினார்கள், கையைப் பிடித்து வளையல் ஏற்றினார்கள், ஒவ்வொருத்தர் முகமும் ஒரு சாண் தூரத்தில், ஒவ்வொருத்தர் மூக்கையும் பார்த்துக்கொண்டே இருந்தேன், பெரியத்தை மூக்கைச் சுளித்தாரா இல்லை சந்தனம் அவர் மூக்கில் பட்டதா என்று இன்னும் தெரியவில்லை. மணையில் காலை ஒட்டிவைத்தே உட்கார்ந்திருந்ததில் தொடை மரத்துவிட்டது. எலுமிச்சை சாதம், புளி சாதம், தயிர் சாதம் என்று பந்தி போட்டார்கள். அம்மா கட்டுச்சாதம் கட்டி எடுத்துக்கொண்டு கிளம்பும்போது நான்தான் முதலில் வேனில் ஏறி ஜன்னலோரம் பிடித்தேன்.

இருபது கொண்டை ஊசி வளைவும் கண்ணாடியைத் திறந்துவைத்தே வந்தேன். "காத்து ஆகாது கண்ணு, மூடு" என்று அம்மா சொல்லிக்கொண்டே வந்தது.

மார்ச் 13. சேலம்

செவ்வாய்ப்பேட்டை வீட்டுக்கு ஒரு வசதி. முன்னறையில் அப்பாவின் கொலுசுப் பட்டறை. பற்றவைக்கிற புகை, ஆசிட் நெடி, பூந்திக்கொட்டைத் தண்ணீர் எல்லாம் சேர்ந்து மற்ற எதையும் மறைத்துவிடும். பட்டறை ஓடும் நேரத்தில் நான் நிம்மதியாக இருக்கிறேன். மதியம் சாப்பாட்டுக்கு நிறுத்தினால் எழுந்து மாடிக்குப் போய்விடுகிறேன்.

மார்ச் 17

செக்கப். எடை, பிரஷர், குழந்தையின் இதயத் துடிப்பு எல்லாம் சரி. "வேற ஏதாவது இருக்காம்மா?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லைங்க மேடம்."

மார்ச் 18

ஒண்ணும் இல்லையாம்!

மார்ச் 26

சொல்லிவிட்டேன். சீட்டை வாங்கிக்கொண்டு, செருப்பைக்கூட மாட்டிவிட்டு, கதவில் கை வைத்தபடி திரும்பிச் சொன்னேன். "மேடம், கீழே வாடை அடிக்குது, ரொம்ப நாளா." டாக்டர் பேனாவை மூடவில்லை, முகமும் மாறவில்லை. "ஏறிப் படும்மா, பாத்துடலாம்" என்றார்.

உள்ளே பஞ்சுக் குச்சியால் தொட்டு எடுத்தார். ஒரு காகிதத் துண்டில் தடவி டப்பா மேல் இருந்த வண்ணக் கட்டங்களோடு ஒப்பிட்டார். புளிப்பு குறைந்தால் ஏறுகிற pH எண்ணாம், 4.5-க்கு மேலே போகக் கூடாதாம், என்னுடையது தாண்டிவிட்டது. கொஞ்சத்தை ஒரு கண்ணாடித் துண்டில் வைத்து, சின்ன பாட்டிலிலிருந்து ஒரு சொட்டு பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டார். அப்புறம் அதை மூக்குக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தார். இதுதான் டெஸ்ட்டாம், அந்தச் சொட்டு விட்டதும் வாடை எழும்பினால் இன்னதென்று தெரிந்துவிடுமாம். நான் இத்தனை நாள் யார் மூக்குக்கும் எட்டக் கூடாது என்று பொத்திப் பொத்தி வைத்ததை ஒரு பெரிய டாக்டர் நின்று நிதானமாக முகர்ந்துவிட்டு, "ஆமாம்மா, இருக்கு" என்றார்.

இருக்கு! என் மூக்கு சரியாகத்தான் இருக்கிறது. டேபிளிலிருந்து இறங்கும்போது சந்தோஷமாக இருந்தது, கேட்டால் சிரிப்பார்கள்.

பாக்டீரியல் வஜினோசிஸ் என்று எழுதியிருக்கிறார். உள்ளே லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியா புளிப்பைக் காத்துக்கொண்டிருக்குமாம், அது குறைந்தால் மற்றவை பெருகி இந்த வாடை வருமாம். சுத்தமில்லாததால் வருவதில்லை என்று அவராகவே சொன்னார், நான் கேட்கும் முன்பே. வெளியே வெறும் தண்ணீர் போதும், உள்ளே எதையும் ஊற்றிக் கழுவக் கூடாது, வாசனை சோப்பு, டெட்டால், வாஷ் எதுவும் வேண்டாம். அம்மா மெடிக்கலில் வாங்கிவந்த வாஷ் பாட்டில் பாதி இருக்கிறது. "இருநூத்துச் சொச்சம் ரூபா" என்று அம்மா அதை அலமாரியிலேயே வைத்திருக்கிறது.

மெட்ரோனிடசோல் 400, காலையும் இரவும், 7 நாள். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது சாப்பிடலாமா என்று கேட்டேன். சாப்பிடலாம், இப்படி விட்டுவைத்தால் சிலருக்கு மாதம் நிறையும் முன்பே வலி எடுக்க வாய்ப்பு அதிகம், அதனால்தான் தருகிறேன் என்றார். இந்த இரண்டாவது பாதியைக் கேட்காமல் இருந்திருக்கலாம்.

மார்ச் 28

வாயெல்லாம் இரும்பு. மாம்பழ சீசன் ஆரம்பிக்கப் போகிறது, எனக்கு எதைத் தின்றாலும் ஆணியை நக்கியது போல.

மார்ச் 30

சிறுநீர் காப்பித் தண்ணி நிறம். பயந்துபோய் போன் செய்தால், அந்த மாத்திரைக்குச் சிலருக்கு அப்படிப் போகும், தண்ணீர் குடி என்று நர்ஸக்கா வைத்துவிட்டார்.

ஏப்ரல் 4

இல்லை. நிஜமாகவே இல்லை. பட்டறை ஓடாத நேரத்தில் அப்பா பக்கத்தில் உட்கார்ந்து டிவி பார்த்தேன்.

ஏப்ரல் 19

ராத்திரி ரெண்டு மணி. வயிறு கல்லாகிறது, விடுகிறது, மறுபடி கல்லாகிறது. சீக்கிரம் வலி எடுக்கும் என்று டாக்டர் சொன்னது ஓடிக்கொண்டே இருக்கிறது. இடது பக்கம் திரும்பிப் படுத்து ஒரு சொம்புத் தண்ணீர் குடித்தேன். வாடையும் பார்த்தேன், கையைத் தொட்டு முகர்ந்து. இல்லை, அல்லது இருக்கிறது. பால்காரர் மணியடிக்கும்வரை இதேதான். விடிந்ததும் எல்லாம் நின்றுவிட்டது.

மே 14

பெண். மாதம் நிறைந்துதான் வந்தாள்.

மே 18

தையல் இழுக்கிறது. இப்போது வேறு ஒரு வாடை. இது ரத்த வாடை, பச்சையாக, கொஞ்சம் புளித்து. பேடை மாற்றும்போதெல்லாம் நின்று யோசிக்கிறேன், இது அதுவா, இது இதுவா. பாத்ரூம் கதவை அம்மா தட்டுகிறது, "என்ன பண்றே இவ்வளவு நேரம், பிள்ளை அழுவுது."

மே 24

கிராம சுகாதார செவிலியர் போல இங்கே டவுனிலும் ஒரு நர்ஸ் வீட்டுக்கு வந்து பார்த்தார். குழந்தை எடையெல்லாம் முடித்தபின் நானே கேட்டேன், இந்த முறை செருப்பு மாட்டக் காத்திருக்கவில்லை. முதல் சில நாள் சிவப்பு, அப்புறம் பழுப்பு கலந்த ரோஸ், பத்து நாளுக்கு மேல் மஞ்சள் வெள்ளையாகி ஆறு வாரம் வரை போகலாம், ரத்த வாடை இருக்கும், அது சாதாரணம் என்றார். தாங்க முடியாத நாற்றம், கூடவே 100.4-க்கு மேல் காய்ச்சல், அடிவயிற்றில் வலி என்றால் ஒரு நாள்கூடப் பார்க்காமல் கிளம்பிவிட வேண்டும், அது கர்ப்பப்பையில் கிருமி. அம்மா பக்கத்திலேயே நின்று கேட்டது. நர்ஸ் போனதும் தெர்மாமீட்டர் வாங்க அப்பாவை அனுப்பியது.

மே 27

பத்தியத்தில் இன்று கருவாட்டுக் குழம்பு, பால் ஊறும் என்று சுறாப்புட்டு வேறு. வீடு, தெரு, என் தலைமுடி எல்லாம் மீன். இரண்டு மாதத்தில் நான் இவ்வளவு கவலையில்லாமல் இருந்த நாள் இல்லை. மேலே மேலே கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

தலைக்கு ஊற்றி சாம்பிராணிப் புகை போட்டார்கள். கூடையைக் கவிழ்த்து அதன் மேல் முடியை விரித்துப் போட்டபடி படுத்துக்கொண்டு, இந்தப் புகையை இடுப்புக்குக் கீழேயும் காட்டினால் என்ன என்று நினைத்தேன். கிறுக்குதான்.

ஜூன் 29

படுவது நின்றுவிட்டது. அந்த வாடை, பழையது, திரும்பிவிட்டது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை.

ஜூலை 2

மறுபடி பஞ்சுக் குச்சி டெஸ்ட், மறுபடி அதே மாத்திரை. பால் கொடுப்பவர்களுக்கும் இது தரலாம், கொஞ்சம் பாலில் கலக்கும், ருசி மாறலாம் என்றார். பால் கொடுக்கும் மாதங்களில் ஈஸ்ட்ரோஜன் என்கிற ஹார்மோன் கம்மி, அதனால் உள்ளே அந்த நல்ல பாக்டீரியா திரும்பத் தலையெடுக்க நேரமாகும், சிலருக்கு மாதக்கணக்கில். மாதக்கணக்கில் என்பதை அவர் சாதாரணமாகத்தான் சொன்னார்.

ஜூலை 4

பாப்பா வாயை எடுத்துக்கொண்டு முகத்தைச் சுருக்கினாள். என் பால் கசக்கிறதா? ஒரு சொட்டு நானே நக்கிப் பார்த்தேன், என் வாயே இரும்பாக இருக்கும்போது எப்படித் தெரியும். பத்து நிமிஷத்தில் அவளே மறுபடி பிடித்துக்கொண்டாள்.

ஜூலை 13. ஏற்காடு

ஆடி பிறக்கும் முன் கொண்டுவந்து விட்டுவிட்டார்கள். மலை முழுக்க மூட்டம். துணி காயவே இல்லை. காட்டன் ஜட்டி, நன்றாகக் காய்ந்தது மட்டும் போடு என்று டாக்டர் சொன்னார், இங்கே வந்து காயவைத்துக் காட்டட்டும்! பாப்பாவின் நாப்கின், என் உள்பாவாடை எல்லாம் சமையலறைக் கொடியில். ஒவ்வொன்றாக இஸ்திரி போட்டு ஈரத்தை எடுக்கிறேன். கரண்ட் போனால் அடுப்பு மேல் பிடிக்கிறேன், அத்தை ஒன்றும் கேட்பதில்லை.

ஜூலை 27

அவர் பக்கத்தில் வந்தார். நானும் திரும்பிப் படுக்கவில்லை.

ஜூலை 28

காலையிலேயே தெரிந்துவிட்டது. விந்து பட்டால் புளிப்பு குறைந்து வாடை கூடும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்தான், இருந்தாலும் இவ்வளவு சீக்கிரமா?

ஆகஸ்ட் 3

ஆடிப்பெருக்கு. எல்லாரும் மேட்டூர் போனார்கள். நான் போகவில்லை, குழந்தைக்குச் சளி என்று சொன்னேன். குழந்தைக்குச் சளி இல்லை.

ஆகஸ்ட் 6

பாப்பாவைத் தூக்கிக்கொண்டு சேலம் இறங்கினோம், அவரும் கூட வந்தார். டாக்டர் இந்த முறை அவரையும் உள்ளே கூப்பிட்டார். இந்த வருஷம் மார்ச்சில் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு ஆய்வு வந்திருக்கிறதாம். பெண்ணுக்கு மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரத்துக்குள் 63 சதவீதம் பேருக்குத் திரும்ப வந்தது, கணவருக்கும் சேர்த்துக் கொடுத்தபோது 35 சதவீதம். அதனால் அவருக்கும் அதே மாத்திரை 7 நாள், கூடவே கிளிண்டாமைசின் கிரீம், காலையும் இரவும் அவருடைய உறுப்பில் தடவ. அதுவரை சேரக் கூடாது. குடிக்கக் கூடாது.

அவர் காது சிவந்துவிட்டது. "எனக்கு ஒண்ணும் இல்லைங்களே மேடம்" என்றார். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டேன், சிரிப்பு வந்துவிடும் போலிருந்தது.

திரும்பும்போது பத்தாவது வளைவு வரை பேசவில்லை. அப்புறம், "பரண்ல எலி தேடினேனே, அப்ப இருந்தேவா?" என்றார். ஆமாங்க என்றேன். "அப்பவே சொல்றதுக்கென்ன?" என்றார். அதற்கு நான் பதில் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் சண்டை வந்திருக்கும்.

ஆகஸ்ட் 9

அவர் வாயும் இரும்பாகிவிட்டது. டீயைக் கீழே ஊற்றுகிறார், ரசத்தைக் குறை சொல்கிறார், ரெண்டு மாத்திரைக்கே இந்த அலப்பறை. கிரீம் டியூபை ஷேவிங் செட்டுக்குள் ஒளித்து வைத்திருக்கிறார், அத்தை பார்த்தால் என்ன நினைப்பார் என்று.

ஆகஸ்ட் 11

வாடை இருக்கிறதா என்று அவரே கேட்கிறார், வேலைக்குப் போகும்போது, காய்கறி என்ன வாங்க என்று கேட்கிற குரலில். தெரியலைங்க என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை.

ஆகஸ்ட் 12

எஸ்டேட்டில் யாருக்கோ ரிட்டையர்மென்ட் பார்ட்டி. மாத்திரை இன்னும் முடியவில்லை, பாட்டிலைத் தொட்டால் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லித்தான் அனுப்பியிருக்கிறேன். மணி பத்தரை. இன்னும் காணோம். பாப்பா எழுந்துவிட்டாள், போய்ப்