இடிந்த ஊருக்கும் சேர்த்து ஒரு பிறந்தநாள்

ஆகஸ்ட் 22 அன்று காலை காபி குடித்த கையோடு பாரிமுனைக்குக் கிளம்பிவிடுவேன். சென்னை தினத்துக்கு எத்தனையோ நடைகள், பேச்சுகள், படக் கண்காட்சிகள் நடக்கின்றன. முடிந்தவற்றுக்கெல்லாம் போவேன். ஆனால் அன்றைக்கு முதல் வேலை, அங்குள்ள டேர் ஹவுஸ் என்ற கட்டட வளாகத்தில் இருக்கும் அந்தக் கல்லைப் பார்ப்பதுதான்.

மேலே போகப்போகக் குறுகும் ஒரு கல்தூண். 1773 என்று வருஷம் வெட்டியிருக்கும். அப்பா ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடையில் வேலை பார்த்தார். பள்ளிக்கூட விடுமுறையில் அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன ஒரு நாள், கையைப் பிடித்து அழைத்துப்போய் இதைக் காட்டினார். "இந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம் ஒரு ஊரே இருந்துச்சும்மா" என்றார். அவர் கைகாட்டிய பக்கம் ஹைகோர்ட்டுதான் தெரிந்தது. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

புரிய ரொம்ப வருஷம் ஆனது. 1639ல் இந்தப் பகுதியை ஆண்ட தாமர்ல வெங்கடாத்ரி நாயக்கர் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களுக்குக் கடற்கரையில் இடம் கொடுத்தார். கோட்டை எழும்போதே அதற்கு வடக்கே நெசவாளர்களும் வியாபாரிகளும், மொழிபெயர்ப்பாளராகவும் தரகராகவும் இருந்த துபாஷிகளும் குடியேறினார்கள். துணி வாங்கத்தானே கம்பெனி இங்கே வந்தது, நெய்கிறவர்கள் இல்லாமல் எப்படி? அதுதான் பழைய கறுப்பர் பட்டணம். 1746ல் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டையைப் பிடித்து மூன்று வருஷம் வைத்திருந்தபோது அதில் ஒரு பகுதியை இடித்தார்கள். கோட்டையைத் திரும்ப வாங்கிய ஆங்கிலேயர்கள் மிச்சத்தையும் இடித்தார்கள். சுவரை ஒட்டி வீடுகள் இருந்தால் எதிரி மறைந்து வருவான், பீரங்கிக்கு எதிரே வெட்டவெளி வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இதைத் தாண்டி யாரும் வீடு கட்டக்கூடாது என்று நட்ட எல்லைக் கற்களில் ஒன்றுதான் அப்பா காட்டியது.

நாயக்கர் இடம் கொடுத்த நாளைத்தான் ஊரின் பிறந்தநாளாகக் கொண்டாடுகிறோம். ஆனால் அது ஆகஸ்ட் 22தானா என்று சண்டை உண்டு. இடம் கொடுத்த சாசனத்தில் இருப்பது ஜூலை 22. இடத்தை வாங்கிய கம்பெனி அதிகாரி பிரான்சிஸ் டே இங்கே வந்து சேர்ந்ததே ஜூலை 27 என்பதால் மாதம் தவறாக இருக்கவேண்டும் என்று ஆகஸ்டை எடுத்துக்கொண்டார்கள். திருவல்லிக்கேணிக் கோயிலில் பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்துக் கல்வெட்டே இருக்கும்போது 1639ல் எதற்குப் பிறந்தநாள் என்று கேட்பவர்களும் உண்டு. சரியான கேள்விதான். திருவல்லிக்கேணியும் மயிலாப்பூரும் ரொம்பப் பெரியவர்கள். கோட்டை நிழலில் முளைத்த அந்தச் சின்ன ஊருக்காகத்தான் நான் இந்த நாளை வைத்துக்கொண்டிருக்கிறேன்.

2004ல் சென்னை வரலாற்றை எழுதிய எஸ். முத்தையாவும் நண்பர்களும் சென்னை தினத்தை ஆரம்பித்திராவிட்டால் அப்பா சொன்னதை நான் தேடிப் படித்திருக்கவே மாட்டேன். 2019ல் முத்தையா இறந்த செய்தி கேட்டபோது சொந்தத்தில் ஒருவர் போனதுபோல் இருந்தது. அந்த வருஷம் கல்லுக்கு முன்னால் கொஞ்சம் கூடுதல் நேரம் நின்றேன்.

அங்கிருந்து தேவராஜ முதலி தெருவுக்கு நடப்பேன். கடைகள் இன்னும் திறந்திருக்காது. சென்னகேசவப் பெருமாளும் சென்ன மல்லீஸ்வரரும் அடுத்தடுத்து இருக்கும் இரட்டைக் கோயில் அங்கே இருக்கிறது. எங்கள் பக்கத்தில் பட்டணம் கோயில் என்போம். பெருமாள் முதலில் இருந்தது அந்த இடிந்த ஊரில்தான். 1757ல் கோயிலை இடித்தார்கள். அப்புறம் கவர்னர் பிகட்டின் துபாஷியான மணலி முத்துகிருஷ்ண முதலியார் முன்னின்று இங்கே புதிதாகக் கட்டினார். ஊரில் குடியிருந்தவர்களைப் போலவே சாமியும் வீடு மாறி வந்திருக்கிறார்! சன்னதியில் நிற்கும்போதெல்லாம் எனக்கு இந்த நினைப்புதான் வரும், கண் கலங்கும்.

போன வருஷம் பேத்தியைக் கூட்டிப்போனேன். துளசியை வாயில் போட்டுக்கொண்டே, "பாட்டி, பழைய வீட்டுக்குப் பெருமாள் திரும்பப் போகமாட்டாரா?" என்றாள். அங்கே இப்போது ஹைகோர்ட் இருக்கிறதே கண்ணு என்றேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, அந்தக் கல்லை இன்னொரு தடவை பார்க்கவேண்டும் என்றாள். திரும்ப நடந்தோம்.

இந்த வருஷமும் காலை ஆறரை மணிக்கு அங்கே இருப்போம். வர விரும்புகிறவர்கள் வரலாம். எட்டு மணிக்கு மேல் வெயில் ஏறிவிடும், தண்ணீர் மட்டும் எடுத்து வாருங்கள்.