சேஞ்ச்அப்புக்குக் கையை மெதுவாக்காதீங்க

கோபி, சத்தி பக்கம் சாஃப்ட்பால் ஆடுற பொண்ணுங்களோட பி.டி. மாஸ்டருங்களுக்கும் பெத்தவங்களுக்கும் இதைச் சொல்லியே ஆகணும்ங்க.

சேஞ்ச்அப்புன்னா வேகப்பந்து மாதிரியே கையைச் சுத்தி, ஏமாத்தி விடற மெதுவான பந்து. மெதுவான பந்துன்னு சொன்னதுமே புள்ளைங்க கையை மெதுவா சுத்த ஆரம்பிச்சிருதுங்க. பேட் பிடிச்சு நிக்கிற பொண்ணுக்கு அது போதும், உடனே கண்டுபிடிச்சிரும். கை சுத்துற வேகமும் எட்டி வைக்கிற அடியும் வேகப்பந்துக்கு இருக்கற மாதிரியே இருக்கோணும். விரல் நுனியில பிடிக்கிற பந்தை உள்ளங்கைக்குள்ள தள்ளிப் பிடிக்கோணும், விடும்போது மணிக்கட்டைச் சொடுக்கக் கூடாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரிய பெண்கள் ஆட்டத்துல பந்து போடற இடத்துக்கும் பேட் பிடிக்கிற இடத்துல இருக்கற தட்டுக்கும் 43 அடி தூரம். 80 கி.மீ. வேகத்துல போற பந்து அதை ஏறக்குறைய 0.6 விநாடியில தாண்டும், 60 கி.மீ.ன்னா 0.8 விநாடி. அந்த இடைவெளியில பேட் முன்னாடியே சுத்திப் போயிரும். ஆனா பந்து முழங்கால் உசரத்துல போகோணும். நெஞ்சுக்கு நேரா மிதந்து போச்சுன்னா மைதானத்துக்கு வெளியதான் தேடோணும்.

நேத்து சாயங்காலம் வலைக்குப் பின்னால ஒரு பொண்ணை நிறுத்தி, பந்து கையை விடறதுக்கு முன்னாடியே "வேகம்", "மெது"ன்னு கத்தச் சொன்னேன். மொதல்ல எல்லாமே சரியாச் சொல்லிருச்சு. பந்து போடற பொண்ணுகிட்ட "அம்மிணி, சொடுக்காம அதே வேகத்துல சுத்து கண்ணு"ன்னேன். அப்புறம் "வேகம்"னு கத்துன பந்தெல்லாம் மெதுவா வந்து விழுந்துச்சு. பாத்த எனக்கே புல்லரிச்சிருச்சுங்க!

மேல எழும்பற மாதிரி வர்ற ரைஸ், வளைஞ்சு போற கர்வ் பந்தெல்லாம் பொறவு பாத்துக்கலாம். வேகப்பந்து ஒழுங்கா ஸ்ட்ரைக் ஸோன்ல, அதாவது பேட் பிடிக்கிறவங்க அடிக்க வேண்டிய எல்லைக்குள்ள, விழ ஆரம்பிச்சதும் சேஞ்ச்அப்பைக் கையில குடுங்க.